வளைக்குள் யார்?

நேற்று மாலை வரை ஒழுங்காக இருந்த புல்தரையில் காலையில் ஒரு கூடை மண் குவிந்து கிடக்கிறது. மதிலோரம் ஓர் ஓட்டை, வாழையடியில் இன்னொன்று. மருந்து வாங்கக் கடைக்கு ஓடுமுன் அந்த ஓட்டையைக் கொஞ்சம் பார்ப்போம்.

முஷ்டி நுழையும் அகலமும் வாசலில் பொலபொலவென்ற புதுமண்ணும் இருந்தால் அநேகமாகப் பெருச்சாளி. (முஷ்டியை நுழைத்துப் பார்க்க வேண்டாம்.) நன்கு வளர்ந்தது ஒரு கிலோவைத் தொடும், மடக்கினால் பன்றிபோல உறுமும். தெலுங்கில் அதன் பெயரே பந்திகொக்கு, அதாவது பன்றியெலி. ஆங்கிலத்தின் 'பேண்டிகூட்' அங்கிருந்து போனதுதான். அந்தப் பெயரை ஆஸ்திரேலியாவில் குட்டியைப் பையில் சுமக்கும் வேறொரு விலங்குக்கும் சூட்டிவிட்டார்கள், இரண்டுக்கும் உறவில்லை.

சுவரோரம் கீச்சிட்டு ஓடும், நாற்றமடிக்கும் மூஞ்சூறு மீது பழி போடாதீர்கள். அது கொறிக்கும் இனமே அல்ல. கரப்பானையும் புழுவையும் தின்று நமக்கு வேலை மிச்சம் செய்வது. பிள்ளையாரின் வாகனம் இரண்டில் எது என்ற வழக்கை நான் தீர்க்கப் போவதில்லை.

ஓட்டை பத்து இருந்தாலும் குடியிருப்பு ஒன்றாக இருக்கலாம். மாலையில் எல்லாவற்றையும் மண்ணால் மூடி மிதித்துவிடுங்கள். விடிந்ததும் எது திறந்திருக்கிறதோ அதுதான் புழங்கும் வாசல். கூண்டு அங்கே போக வேண்டும், அதுவும் பெரிய கூண்டு. எலி இனத்துக்குப் புதுப்பொருள் என்றாலே சந்தேகம். அதனால் இரண்டு மூன்று இரவுகள் பொறியைப் பூட்டாமல் கருவாடோ சுட்ட தேங்காய்ச் சில்லோ மட்டும் வையுங்கள். பழகித் தின்ன ஆரம்பித்த பிறகு பூட்டலாம்.

மருந்தில் எனக்கு விருப்பமில்லை. துத்தநாக பாஸ்பைடு வயிற்று அமிலத்தில் பட்டு நச்சுவாயுவாகிறது. எலியால் வாந்தியெடுக்க முடியாது. ஆனால் கொஞ்சமாகத் தின்று பிழைத்தது மறுபடி அந்த இரையைத் தொடாது. புரோமடியலோன் கட்டியோ ரத்தம் உறைவதைத் தடுத்து, சில நாள் கழித்துத்தான் கொல்லும். அதற்குள் தள்ளாடித் திரியும் எலியைக் கூகை தூக்கிப் போனால் விஷம் அதற்கும் போகும். ஓர் இரவில் பல எலிகளைப் பிடிக்கும் பறவையை நாமே இழக்கிறோம்.

பிடிபட்டதை வெறுங்கையால் தொடாதீர்கள். அதன் சிறுநீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம். கோழித் தீவனத்தையும் மீந்த சோற்றையும் இரவில் வெளியே வைக்காதீர்கள். காலியான வளையைச் சல்லியும் மண்ணும் போட்டு இடித்து மூடிவிடுங்கள். திறந்து கிடந்தால் அடுத்து குடிவருவது பாம்பாகவும் இருக்கலாம்.