கண்ணாடி துறந்த காமிரா

1917-இல் ஜப்பானில் நிப்பான் கோகாகு என்ற பெயரில் தோன்றி, 1959-இல் 'நிக்கான் எஃப்' காமிராவால் பத்திரிகைப் புகைப்படக்காரர்களின் அபிமானத்தைச் சம்பாதித்துக்கொண்ட நிக்கான் ஸ்தாபனம், அந்தக் கீர்த்திக்கே ஆதாரமாயிருந்த உட்கண்ணாடியைக் கைவிடத் துணிந்தது சாமானிய காரியமன்று.

பழைய காமிராவில், லென்ஸ் வழியே புகும் ஒளியைச் சாய்ந்து நிற்கும் கண்ணாடியொன்று மேலே திருப்பி நம் கண்ணுக்குக் காட்டும்; பொத்தானை அமுக்கியதும் அது 'டப்'பென்று எழும்பி வழிவிடும். மிர்ரர்லெஸ் காமிராவிலோ ஒளி நேரே சென்ஸாரில் விழ, அந்தப் பிம்பத்தை மின்திரையில் காண்கிறோம்.

2011-இல் நிக்கான் முதன்முதலாக இத்துறையில் பிரவேசித்த 'நிக்கான் 1' வரிசை, 13.2 மி.மீ. அகலமே கொண்ட சென்ஸாரை நம்பியிருந்தமையால், மங்கிய வெளிச்சத்தில் பெரிய சென்ஸார்களுக்கு ஈடுகொடுக்க இயலாமல், சில ஆண்டுகளில் மறைந்தது. 2018-இல் முழு அளவுச் சென்ஸாரோடு இஸட் 7, இஸட் 6 வெளிவந்தபோதுதான் நிறுவனத்தின் திடசங்கற்பம் புலப்பட்டது. லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்ஸாருக்கும் இடையே 46.5 மி.மீ. ஆக இருந்த தூரம் 16 மி.மீ. ஆகக் குறுகியது, லென்ஸ் வாயின் விட்டமோ 55 மி.மீ. ஆக விரிந்தது. பழைய லென்ஸ்களைப் பொருத்த ஓர் இணைப்பு வளையமும் கிடைத்தது. ஆயினும் தம்முள் மோட்டார் இல்லாத லென்ஸ்களை அதில் கையால் திருப்பியே குவியப்படுத்த வேண்டியிருந்தது.