பூங்காவும் இணை மானியமும்

புதுவையின் பாரதி பூங்காவுக்குச் செல்பவர்கள் அதன் நடுவே நிற்கும் ஆயி மண்டபத்தைக் காணாமல் திரும்புவதில்லை. ஆயி என்னும் கணிகை தன் மாளிகை இருந்த இடத்தில் ஊருக்காகக் குளம் அமைத்தாள் என்பது வழிவழியாக வரும் கதை. பின்னாளில், மூன்றாம் நெப்போலியன் ஆட்சியில், முத்திரையர்பாளையத்து நீர் நகருக்குக் கொண்டுவரப்பட்டது. அதன் தொடர்பாக அவள் நினைவைப் போற்றி இம்மண்டபம் எழுந்தது. கால்வாய்க்குப் பொருள் தந்தது அரசு. நீருக்கு இடம் தந்தவளோ ஊர்ப்பெண் ஒருத்தி. இன்று நான் பேச எடுத்துக்கொண்ட இணை மானியமும் இத்தகைய கூட்டுறவே ஆகும்.

இணை மானியம் என்பது யாது? ஓர் ஊர் பூங்கா அமைக்க விரும்புகிறது. அதற்கு 10 லட்சம் ரூபாய் வேண்டும். “நீ 5 லட்சம் போடு, நான் 5 லட்சம் தருகிறேன்” என்று மேலரசு சொன்னால் அதுவே இணை மானியம். இதனால் அரசின் பணம் இருமடங்கு வேலை செய்கிறது. அன்றியும், தன் கைப்பொருளைப் போட்டவன் அதைப் பேணுவான் என்பதும் உலகியல்பு அன்றோ?

இம்முறையைப் பூங்காக்களுக்கெனவே சட்டமாக்கிய நாடு அமெரிக்கா. அங்கு 1964ஆம் ஆண்டுச் சட்டப்படி, திறந்தவெளிப் பொழுதுபோக்கு இடங்களுக்கு ஆகும் செலவில் பாதி வரை மைய அரசு தருகிறது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. அவ்வாறு உதவி பெற்ற நிலம் என்றும் பூங்காவாகவே இருத்தல் வேண்டும். வேறு காரியத்துக்கு எடுத்தால், மைய அரசின் இசைவு பெற்று, ஈடான வேறு நிலத்தை மக்களுக்குத் தர வேண்டும். பணத்தினும் இந்நிபந்தனையே பெரிது என்பேன்.

நம் நாட்டில் 2015ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் இரு திட்டங்கள் பிறந்தன. ஒன்று பொலிவுறு நகரத் திட்டம். ஒரு நகருக்கு மைய அரசு 500 கோடி ரூபாய் வரை தரும் என்பது அதன் ஏற்பாடாக இருந்தது. அதற்கு இணையான தொகையை மாநிலமும் நகராட்சியும் தர வேண்டியிருந்தது. 2017இல் புதுச்சேரி இதில் சேர்க்கப்பட்டது. நகரின் நடுவிலுள்ள அண்ணா திடல் இத்திட்டத்தின்கீழ்ச் சீரமைப்புக்கு எடுத்துக்கொள்ளப்பட்டது. மற்றொன்று ‘அம்ருத்’ திட்டம். அதில் 10 லட்சம் மக்கள்தொகைக்கு உட்பட்ட நகர்களுக்குப் பாதியும், அதற்கு மேற்பட்டவற்றுக்கு மூன்றில் ஒரு பங்கும் மைய அரசு தந்தது. யூனியன் பிரதேசங்களுக்கோ முழுச் செலவையும் அதுவே ஏற்றது. பூங்காக்களுக்கு ஒதுக்கத்தக்கது மொத்தத்தில் நூற்றுக்கு இரண்டரைப் பங்குதான்.

முழுப் பணமும் வெளியிலிருந்து வந்தால் ஊரின் பங்கு எது? பராமரிப்புதான். மானியம் ஊஞ்சல் கட்டித் தரும். அதன் சங்கிலி அறுந்தால் மாற்ற வாராது. செடி நடும், சித்திரை வெயிலில் தண்ணீர் ஊற்றாது. சில ஆண்டுகளுக்கு முன் திறக்கப்பட்ட சிறு பூங்கா ஒன்றில், ஊஞ்சல் இருந்த இடத்தில் இரண்டு கம்பங்கள் மட்டும் நிற்கக் கண்டேன். யாரிடம் சொல்வது என்று அங்கிருந்த முதியவர் கேட்டார்.

அக்கேள்வி எளியதன்று. புதுவையில் 1968க்குப் பின் 38 ஆண்டுகள் கழித்து, 2006இல்தான் நகராட்சித் தேர்தல் நடந்தது. அம்மன்றங்களின் காலமும் 2011இல் முடிந்தது. வட்டத்துக்கு ஓர் உறுப்பினர் இருந்தால், அறுந்த சங்கிலியை அவர் வீட்டு வாசலில் கொண்டுபோய்ப் போடலாம். அதிகாரிகள் கடமையில் வல்லவராயினும், மாறுதல் பெற்றுச் செல்வோர். தெருவாரின் வாக்குக்கு விடை சொல்ல வேண்டியவர் அல்லர்.

ஆகவே மானியம் பெறும் நாளிலேயே இரண்டைத் தீர்மானித்தல் நலம். ஆண்டுதோறும் பராமரிப்புக்கென நகராட்சி வரவு செலவுத் திட்டத்தில் தனித்தொகை ஒன்று. பூங்காவைச் சுற்றி வாழ்வோர் குழு ஒன்று. இவை இரண்டுமே நம் இணைப் பங்கு. ஆயி தன் மாளிகையைத் தந்தாள் என்பது கதை. நம்மிடம் யாரும் மாளிகை கேட்கவில்லை. மாலையில் ஒரு நாழிகைக் கவனத்தையே கேட்கிறார்கள்.