கவிஞர் கதையும் நூற்சான்றும்: உரோமானியக் கவிஞர் லுக்ரீசியஸ்

கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்த உரோமானியக் கவிஞர் லுக்ரீசியசின் நூலாக இன்று கிடைப்பது ஒன்றே. ‘பொருள்களின் இயல்பு பற்றி’ எனப் பொருள்படும் தலைப்புடைய அவ்விலத்தீன் நூல் ஆறு பகுதிகளையும் ஏறத்தாழ 7,400 அடிகளையும் கொண்டது. நூலின் செல்வாக்குப் பெரிது. ஆசிரியரைப் பற்றி அறியக்கிடப்பனவோ மிகச் சில. அவ்வெற்றிடத்தை நிரப்பிய கதையொன்றின் நம்பகத்தன்மையை இக்கட்டுரை ஆராய்கிறது.

சமகாலச் சான்றாகக் கிடைப்பது, கி.மு. 54இல் சிசரோ தம் தம்பி குயின்டசுக்கு எழுதிய மடலே. அது லுக்ரீசியசின் கவிதையில் மேதைமையும் கலைத்திறனும் ஒருங்கே விளங்குவதாகப் பாராட்டுகிறது. பித்து பற்றி ஒன்றும் கூறவில்லை. நான்கு நூற்றாண்டுகளுக்குப் பின் வந்த கிறித்தவ அறிஞர் ஜெரோமோ, வசிய மருந்தால் பித்துற்ற கவிஞர் தெளிந்த பொழுதுகளில் எழுதி, 44ஆம் அகவையில் தற்கொலை செய்துகொண்டார் எனக் குறிக்கிறார். முன்னைய நூலொன்றிலிருந்து இச்செய்தியை அவர் பெற்றிருக்கக்கூடும். ஆயினும் இதற்கு அரணாக வேறு பழஞ்சான்று இல்லை.

கதைக்கான வித்து நூலிலேயே இருக்கலாம். அதன் நான்காம் பகுதி காம வேட்கையைக் கடிந்துரைக்கிறது. வேட்கையைப் பழித்தவரை வேட்கையே வீழ்த்தியதாகப் புனைவது எளிது. மேலும், உயிர் உடலோடு அழியும், தெய்வங்கள் உலகியலில் தலையிடா என்னும் எபிக்யூரசின் கொள்கையை விளக்கிய நூலை மறுப்போர்க்கு இக்கதை நன்கு துணைநின்றது. பித்தரின் கூற்றுக்கு மறுப்புரை வேண்டுவதில்லை அன்றோ!

நூலின் அமைப்போ வேறு கூறுகிறது. முதலிரு பகுதிகள் அணுக்களையும் அவற்றின் இயக்கத்தையும் நிறுவுகின்றன. அவ்வடிப்படையில் உயிர், புலனறிவு, உலகத் தோற்றம், வானியல் நிகழ்வுகள் ஆகியன முறையே விளக்கப்பெறுகின்றன. கசப்பு மருந்துக் கிண்ணத்தின் விளிம்பில் தேன் தடவுவதுபோல், அரிய மெய்யியலுக்குக் கவியினிமை சேர்ப்பதாக ஆசிரியரே தம் நோக்கத்தைத் தெளிவுறுத்துகிறார். மரண அச்சத்தை அகற்றுவதே அம்மருந்தின் பயன்.

இடைக்காலத்தில் அருகி வழங்கிய இந்நூலின் படியொன்றைப் போஜ்ஜோ பிராச்சியோலினி 1417இல் மடமொன்றில் கண்டெடுத்தார். பின்னர் மாக்கியவெல்லி இதனைத் தம் கையாற் படியெடுத்தார். 17ஆம் நூற்றாண்டில் அணுக்கொள்கை புத்துயிர் பெற்றதிலும் இந்நூலுக்குப் பங்குண்டு. எனினும் கதை மறையவில்லை. 1868இல் டென்னிசன் அதனையே கவிதையாக்கினார்.

எனவே, பிற்காலச் செய்தியைக் கொண்டு நூலை அளப்பதினும், நூலின் அகச்சான்றுகொண்டு அச்செய்தியை அளப்பதே ஆய்வுநெறிக்கு ஏற்புடையது.