பெட்டி மேல் ஒரு முகவரி

2021 மே 26. ஐரோப்பிய ஒன்றியத்தின் புதிய மருத்துவக் கருவிச் சட்டம் முழுமையாக நடைமுறைக்கு வந்த நாள் அது. ஒன்றியத்தோடு பல ஆண்டுகளாக நடந்துவந்த ஒப்பந்தப் பேச்சை சுவிட்சர்லாந்து அன்றுதான் கைவிட்டது. மருத்துவக் கருவிகளின் தரச் சான்றை இரு தரப்பும் பரஸ்பரம் ஏற்றுவந்த ஏற்பாடும் அத்தோடு நின்றது. முந்தின நாள் வரை உள்ளூர்க்காரர்களாக நடத்தப்பட்ட சுவிஸ் உற்பத்தியாளர்கள் ஒரே இரவில் வெளிநாட்டார் ஆனார்கள். அவர்கள் செய்த செயற்கை மூட்டு அதேதான், காது கேட்கும் கருவியும் அதேதான். ஆனால் ஒன்றியத்தில் தொடர்ந்து விற்க இப்போது புதிதாக ஒருவர் தேவைப்பட்டார். அவர் ஒன்றியத்தின் எல்லைக்குள் அலுவலகம் வைத்திருக்க வேண்டும், அவருடைய பெயரும் முகவரியும் லேபிளில் அச்சாக வேண்டும். சட்டம் அவரை ‘அதிகாரம் பெற்ற பிரதிநிதி’ என்கிறது.

ஒரு முகவரி இல்லாமல் ஒரு செயற்கை மூட்டுகூட விற்க முடியாது என்பது முதலில் வெறும் காகித வேலையாகத்தான் தோன்றும். கொஞ்சம் யோசித்தால், சட்டத்தின் கை எவ்வளவு தூரம் நீளும் என்ற பழைய சிக்கலுக்குக் கண்டுபிடித்த நல்ல தீர்வு இது என்பது புரியும். ஜெர்மன் அதிகாரி ஒருவர் முனிச்சில் உள்ள தொழிற்சாலைக்குள் நுழைந்து ஆவணங்களைக் கேட்கலாம். அதே உரிமையோடு அவர் தைவானிலோ மதுரையிலோ நுழைய முடியாது. ஆகவே உற்பத்தியாளரின் சார்பில் தன் எல்லைக்குள் பதில் சொல்ல ஒருவரை நிறுத்தச் சொல்கிறது சட்டம். மதுரையைச் சும்மா சொல்லவில்லை. அரவிந்த் கண் மருத்துவமனைக் குடும்பத்தில் 1992இல் தொடங்கிய ஆரோலேப், கண்ணுக்குள் பொருத்தும் லென்ஸை ஐரோப்பியத் தரச் சான்றோடு உலகெங்கும் அனுப்புகிறது. இப்படி ஏற்றுமதி செய்யும் இந்திய நிறுவனம் எதுவானாலும் ஐரோப்பாவில் அதற்கு ஒரு பிரதிநிதி இருந்தாக வேண்டும்.

இந்தப் பிரதிநிதி தபால் வாங்கி அனுப்புகிறவர் அல்லர், ஜாமீன் கையெழுத்துப் போட்டவர். உற்பத்தியாளர் தன் சட்டக் கடமைகளில் தவறி, குறையுள்ள கருவியால் ஒருவருக்குத் தீங்கு நேர்ந்தால், நட்ட ஈட்டுப் பொறுப்பு பிரதிநிதியின் தலையிலும் விழும். 2017இல் இயற்றப்பட்ட அந்தச் சட்டத்தின் 11ஆம் பிரிவு இதை ஐயமில்லாமல் சொல்கிறது. உற்பத்தியாளரின் தொழில்நுட்ப ஆவணங்கள் முறைப்படி தயாராகியுள்ளனவா என்று பிரதிநிதி பார்க்க வேண்டும். அவற்றின் பிரதியை, கடைசிக் கருவி சந்தைக்கு வந்த பிறகும் 10 ஆண்டுகள், உடலுக்குள் பொருத்தும் கருவி என்றால் 15 ஆண்டுகள், அதிகாரிகள் கேட்டால் தரும்படி வைத்திருக்க வேண்டும். உற்பத்தியாளர் சட்டத்தை மீறுகிறார் என்று தெரிந்தால் ஒப்பந்தத்தை முறித்து அதிகாரிகளுக்கு உடனே சொல்ல வேண்டும். சம்பளம் கொடுப்பவருக்கு எதிராகவே சாட்சி சொல்லக் கடமைப்பட்ட வேலை. இந்த ஏற்பாட்டில் எனக்கு மிகவும் பிடித்த அம்சம் இதுதான்.

வீட்டில் சர்க்கரை அளக்கும் ஸ்ட்ரிப் பெட்டி இருந்தால் கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். தொழிற்சாலைக் கூரை போன்ற சிறு படம் ஒன்று இருக்கும். அதன் அருகில் இருப்பது உற்பத்தியாளரின் முகவரி. மணற்கடிகாரப் படத்தின் அருகில் காலாவதித் தேதி. ஐரோப்பாவிலும் விற்கும் வெளிநாட்டுத் தயாரிப்பு என்றால் இன்னொன்றும் தென்படும்: இரண்டு கட்டமாகப் பிரித்த செவ்வகம், ஒன்றில் ‘ஈசி’, மற்றதில் ‘ரெப்’ என்ற ஆங்கில எழுத்துகள். பக்கத்தில் பொடி எழுத்தில் ஒரு தெருப் பெயர், ஒரு ஐரோப்பிய ஊர்.

ஆசியத் தொழிற்சாலை ஒன்றின் இன்சுலின் பம்ப் லிஸ்பனில் ஒருவர் உடம்பில் மருந்தைக் கூடுதலாகச் செலுத்திவிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். செவிலியர் அந்தப் பொடி எழுத்து முகவரிக்குப் புகார் அனுப்புகிறார். பிரதிநிதி அதை உடனே தொழிற்சாலைக்குத் தெரிவிக்க வேண்டும். தொழிற்சாலைக்குத் தெரிந்த நிமிடத்திலிருந்து சட்டத்தின் கடிகாரம் ஓடத் தொடங்குகிறது. கடுமையான சம்பவம் என்றால் 15 நாட்களுக்குள் அதிகாரிகளுக்கு அறிக்கை போக வேண்டும். உயிர் போயிருந்தால் 10 நாள். பொதுமக்களுக்கே பெரும் ஆபத்து என்றால் 2 நாள்தான். ஒருவர் ஒரு மின்னஞ்சலை வெள்ளிக்கிழமை மாலை திறந்தாரா, திங்கட்கிழமை காலை திறந்தாரா என்பதில் அதே பம்பை மாட்டியிருக்கும் இன்னொருவரின் உயிர் இருக்கிறது.

அதனால்தான் பிரதிநிதியைத் தேர்ந்தெடுப்பதில் கட்டணத்தை மட்டும் பார்ப்பவர்கள் தவறு செய்கிறார்கள். ஆலோசகர் வேறு, பிரதிநிதி வேறு. கன்சல்டன்ட் எனப்படும் ஆலோசகர் ஆவணம் தயாரித்துக் கொடுப்பார், எந்த வகைக் கருவி, எந்தச் சோதனை தேவை என்று வழிகாட்டுவார். பிரதிநிதிக்குரிய சட்டப் பொறுப்பு அவருக்கு இல்லை. பிரதிநிதியிடம் முதலில் கேட்க வேண்டியது, ஒழுங்குமுறைக்குப் பொறுப்பான உங்கள் ஆள் யார் என்பதே. சட்டம், மருத்துவம், பொறியியல் போன்ற துறையில் பட்டமும் ஓராண்டு அனுபவமும், அல்லது பட்டம் இல்லாவிட்டால் நான்காண்டு அனுபவமும் உள்ள ஒருவர் எந்நேரமும் கிடைக்கும்படி இருக்க வேண்டும் என்பது விதி. அடுத்த கேள்வி, நட்ட ஈட்டுப் பொறுப்பைத் தாங்கும் காப்பீடு உண்டா என்பது.

பலர் செய்வது, சரக்கை விற்கும் டீலரையே பிரதிநிதியாக்குவது. செலவு குறையும், உண்மைதான். ஆனால் விற்பனைத் தகராறு வந்து டீலரை மாற்றும் நாளில் லேபிள் எல்லாம் மாற்ற வேண்டியிருக்கும். தொழில்நுட்ப ஆவணங்களும் அவரிடமே இருக்கும். பிரிவதற்கான தேதி, ஆவண ஒப்படைப்பு, பழைய பெயர் எதுவரை லேபிளில் இருக்கலாம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் வர வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டமே ஒரு தனிப் பிரிவு வைத்திருக்கிறது.

அமெரிக்காவில் ஏற்பாடு எளிது. வெளிநாட்டுத் தொழிற்சாலை ஒவ்வொன்றுக்கும் அங்கே ஒரு முகவர் வேண்டும். அவருக்குத் தபால் பெட்டி எண் மட்டும் இருந்தால் போதாது, வேலை நேரத்தில் தொலைபேசியை எடுக்க ஆள் இருக்க வேண்டும். ஒன்றில் மட்டும் கவனம் தேவை. ‘எஃப்.டி.ஏ. பதிவுச் சான்றிதழ்’ என்று கழுகு முத்திரையோடு அச்சடித்துத் தரும் கன்சல்டன்டை நம்ப வேண்டாம். மருத்துவக் கருவிகளை ஒழுங்குபடுத்தும் அந்நாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. அப்படி எந்தச் சான்றிதழும் கொடுப்பதில்லை. பதிவு செய்தது அங்கீகாரம் பெற்றதாகாது என்று அதன் விதியே சொல்கிறது.

இந்தியாவில் 2018 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள மருத்துவக் கருவி விதிகள், இறக்குமதி உரிமத்தை இங்குள்ள முகவரின் பெயரிலேயே கொடுக்கின்றன. வெளிநாட்டு நிறுவனம் முகவரை மாற்றினால் புதிய உரிமம் வாங்க வேண்டும். பொறுப்பானவர் நோயாளிகளைத் தொடர்ந்து கவனிக்காவிட்டால் என்ன ஆகும் என்பதை நாம் முன்பே பார்த்திருக்கிறோம். 2010 ஆகஸ்டில் டிபியூ நிறுவனம் தன் ஏ.எஸ்.ஆர். இடுப்பு மூட்டுகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. இந்தியாவில் ஏறத்தாழ 4,700 அறுவை சிகிச்சைகளில் அந்த மூட்டு பொருத்தப்பட்டிருந்தது. பல ஆண்டுகள் கழித்து அரசின் நிபுணர் குழு விசாரித்தபோது, அந்த நோயாளிகளில் பெரும்பாலோர் எங்கே இருக்கிறார்கள் என்றே தெரியவில்லை.

உங்களுக்கோ வீட்டில் யாருக்கோ உடலுக்குள் ஏதேனும் பொருத்தப்பட்டிருந்தால், அதன் லாட் எண்ணும் இறக்குமதியாளர் பெயரும் உள்ள ஸ்டிக்கரை மருத்துவமனையில் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள். எந்த மருத்துவக் கருவியால் தீங்கு நேர்ந்தாலும் காசியாபாத்தில் இயங்கும் இந்திய மருந்தியல் நூல் ஆணையத்தின் 1800-180-3024 என்ற கட்டணமில்லா எண்ணில் புகார் செய்யலாம். மருத்துவர்தான் செய்ய வேண்டும் என்பதில்லை, நோயாளியே செய்யலாம்.