வாசிப்புக்கு முந்தைய பிரதி

1998இல் நண்பர் ஒருவர் தட்டச்சு செய்து, சிற்றிதழில் வெளிவந்த கட்டுரை. அச்சுப்பிரதி கைவசம் இல்லை. ஃபிளாப்பியிலிருந்து மீட்ட கோப்பு மட்டும் என்னிடம் வந்தது. திறந்தால் கறுப்புச் சாய்சதுரத்துக்குள் கேள்விக்குறி, வரிவரியாக. 'அழிஞ்சு போச்சுப்பா' என்றார் நண்பர். அழியவில்லை. ஏன் என்பதைச் சொல்லத்தான் இந்தக் குறிப்பு.

கோப்புக்குள் எழுத்து என்று எதுவும் கிடையாது. 0 முதல் 255 வரையிலான எண்கள்தான் இருக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு பைட். எந்த எண்ணுக்கு எந்த எழுத்து என்பது கோப்புக்கு வெளியே உள்ள உடன்பாடு. குறிப்பானுக்கும் குறிப்பீட்டுக்கும் இயற்கையான உறவில்லை என்று சசூரை முன்வைத்து எவ்வளவோ பேசியிருக்கிறோம். இங்கே அது கண்முன்னே நடக்கிறது. யூடிஎஃப்-8 முறையில் 'த' என்பது 224, 174, 164 என்ற மூன்று பைட்டுகள். இதையே லத்தீன்-1 என்று எடுத்துக்கொள்ளும் நிரல், தலையில் கோடிட்ட ஓர் ஐரோப்பிய எழுத்தையும் வணிகமுத்திரைக் குறியையும் நாணயக் குறியையும் காட்டும். எண்கள் மாறவில்லை, வாசிப்புதான் மாறியது.

யூனிகோடில் தமிழ் 1991லேயே இடம்பெற்றுவிட்டது. ஆனால் தொண்ணூறுகளில் நம்மவர்கள் புழங்கியது, தயாரித்தவர்கள் ஆளுக்கொரு விதமாக எண் கொடுத்த எழுத்துருக்களை. அந்தக் கோப்பை இன்றைய நிரல் யூடிஎஃப்-8 என்று நினைத்துத் திறக்கிறது. ஒழுங்குக்குள் அடங்காத பைட் வந்தால் கேள்விக்குறியைப் போடுகிறது.

ஆபத்து இதற்கு அடுத்த கணத்தில்தான். அப்படியே சேமித்தால் கேள்விக்குறியே 239, 191, 189 என்று கோப்பில் எழுதப்பட்டுவிடும். வேறுவேறாக இருந்த பைட்டுகள் எல்லாம் ஒன்றாகிவிடும். பிறகு மீட்பே இல்லை. லத்தீன்-1 காட்டும் குப்பையோ அப்படியல்ல. 256 எண்ணுக்கும் தனித்தனி இடம் உண்டு என்பதால் திரும்பிப் போகலாம். தவறான வாசிப்பைத் திருத்த முடியும். வாசிக்கத் தெரியாததைப் பிழை என்று முத்திரை குத்தி அதன்மேலேயே எழுதிவிட்டால் திருத்த ஒன்றும் மிஞ்சாது.

நாங்கள் செய்தது எளிய காரியம். கோப்பைப் படியெடுத்துக்கொண்டு, பைத்தானில் பைட்டுகளாகவே திறந்தோம். அடிக்கடி வரும் எண்களைப் பழைய எழுத்துரு அட்டவணைகளோடு ஒவ்வொன்றாக ஒப்பிட்டோம். ஒன்று பொருந்தியது. ஒற்றைக் கொம்பு, தட்டச்சுப்பொறியில் போலவே, மெய்க்கு முன்னால் கிடந்தது. யூனிகோடில் அது பின்னால் வரவேண்டும் என்பதால் இடம் மாற்றினோம். இரண்டாம் நாள் முதல் பத்தி வந்துவிட்டது. 'இத நானா எழுதினேன்?' என்றார் நண்பர்.

உங்கள் அலமாரியிலும் இப்படிக் கோப்புகள் கிடக்கும். திறந்து பாருங்கள், சேமிக்காதீர்கள். முதலில் ஒரு படி.