பூத்துக்குளி
தோடர் பூவேலைப் போர்வை, நீலகிரி
பருத்தித் துணி, சிவப்பு, கறுப்பு நூல்

எருமை வளர்க்கும் தோடர் குடியில் ஆணும் பெண்ணும் போர்த்தும் போர்வை இது. தோடர்கள் நெய்வதில்லை, துணி வெளியிலிருந்து வருகிறது. பூவேலை முழுதும் தோடப் பெண்களின் கைத்திறன். மாதிரி வரைவதில்லை, சட்டத்தில் துணியை இழுத்துக் கட்டுவதும் இல்லை. இழைகளை எண்ணி எண்ணியே ஊசியைச் செலுத்துகிறார்கள். கண்ணுக்கு நெசவு போலவே தெரியும் நேர்த்தி அந்த எண்ணிக்கையால் வருவது. எருமைக் கொம்பின் வளைவு இதில் ஒரு வடிவம். நூல் சற்றே புடைத்து நிற்கும் பின்புறத்தையே தோடர்கள் நல்ல பக்கமாகக் கொள்கிறார்கள். அருகில் நின்று பாருங்கள். இறந்தவரையும் பூத்துக்குளியில் சுற்றியே வழியனுப்புவர்.

தோடர் பூவேலை 2013-இல் புவிசார் குறியீடு பெற்றது.