பைன் காயை அலமாரியில் வைக்குமுன்

ஊட்டிக்கோ கொடைக்கானலுக்கோ போய் வரும் நம் லிங்கராஜபுரம் குடும்பங்கள் வர்க்கியோடு ஒரு பை பைன் காயும் கொண்டுவருகிறார்கள். கொலுவில் பூங்கா கட்டவும் கிறிஸ்துமஸ் குடிலில் காடு அமைக்கவும் அதைவிட நல்ல மரம் ஏது? ஒன்று மட்டும் நினைவிருக்கட்டும். காப்புக்காட்டில் உதிர்ந்து கிடப்பதும் வனப்பொருள்தான். அனுமதியில்லாமல் எடுப்பது குற்றம். சாலையோரக் கடையில் வாங்குவதே நல்லது.

“விரிந்திருந்த காய் மூடிக்கொண்டதே, ஏன்?” என்று கொலு சமயத்தில் என்னைக் கேட்காத சகோதரிகள் குறைவு. காய் கெட்டுவிடவில்லை. அதன் செதில் ஒவ்வொன்றும் இரண்டு படலங்களால் ஆனது. ஈரம் பட்டால் வெளிப்படலம் அதிகமாக நீள்கிறது. செதில் உள்நோக்கி வளைந்து மூடிக்கொள்கிறது. காய்ந்தால் மறுபடி விரிகிறது. வறண்ட நாளில் விதை காற்றில் பறக்கவேண்டும் என்பதற்கான ஏற்பாடு இது. மரத்தை விட்டு உதிர்ந்து பல வருஷம் ஆனாலும் இந்த வேலை நிற்பதில்லை. பெங்களூரில் மழை மிகுந்த மாதம் செப்டம்பர். கொலுவும் அதை ஒட்டியே வருகிறது. ஆகவே சுத்தம் செய்கிற வேலையை மார்ச், ஏப்ரல் வெயிலிலேயே முடித்துவிடுங்கள்.

முதலில் பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மண்ணையும் ஊசியிலைகளையும் தட்டிவிடவும். அரை வாளித் தண்ணீரில் ஒரு கப் வினிகர் விட்டு, காய்களை அரைமணி நேரம் ஊறவைக்கவும். கண்ணெதிரே அவை மூடிக்கொள்வதைப் பார்க்கக் குழந்தைகளைக் கூப்பிடுங்கள்! பிறகு செய்தித்தாளில் பரப்பி, மொட்டைமாடியில் மூன்று நான்கு நாள் காயவிடவும்.

வெயில் மட்டும் போதாது. செதில்களின் இடுக்கில் பூச்சிகளும் முட்டைகளும் தங்கியிருக்கும். அப்படியே வைத்தால் அலமாரிக்குள் பரவும். நன்றாகக் காய்ந்தபின் மின்சார அவனில் தட்டின்மேல் அலுமினியத் தாள் விரித்து, 100 டிகிரி செல்சியஸில் அரைமணி முதல் முக்கால் மணி வரை வைக்கவும். பூச்சி சாகும், பிசின் உருகிக் காய்க்கு ஒரு மெருகும் வரும். மலைகளில் நட்டிருக்கும் பட்டுலா என்ற மெக்சிகோ இனத்தின் காய்கள் மரத்திலேயே வருஷக்கணக்கில் மூடிக் கிடப்பவை. வெயிலுக்கு அசையாத அந்தக் காய்களும் இந்தச் சூட்டில் விரியும்.

பிசின் எளிதில் தீப்பற்றும். ஜன்னலைத் திறந்துவைத்து, முடியும்வரை பக்கத்திலேயே இருங்கள். மைக்ரோவேவ் கூடவே கூடாது. குக்கரில் மணல் போட்டுக் கேக் சுடும் முறையும் இதற்கு வேண்டாம். உள்ளே சூடு எவ்வளவு என்று தெரியாது. அவன் இல்லாதவர்கள் காய்களைப் பிளாஸ்டிக் பையில் இறுகக் கட்டி, ஃப்ரீஸரில் ஒரு வாரம் வைத்துப் பூச்சியைக் கொல்லலாம். வெளியே எடுத்தபின் மீண்டும் வெயிலில் காயவேண்டும். கையில் ஒட்டிய பிசினுக்குத் தேங்காய் எண்ணெய் தேய்த்து, பிறகு சோப்பு போடுங்கள்.

ஆறியபின் வார்னிஷை மெல்லிதாக இரண்டு தடவை பூசினால் ஈரம் ஏறுவது குறையும். மூடி இறுகிய பிஸ்கட் டப்பாவில் வைத்தால் பல கொலுவுக்கு வரும்.

மலைக்குப் போகாதவர்களுக்குச் சவுக்குக் காய் இருக்கிறது. விரல் நுனி அளவுதான். கொலுப் பூங்காவில் புதர் வைக்க அந்த அளவே போதும். அதில் பிசின் தொல்லை கிடையாது. கழுவி வெயிலில் போட்டால் தானே வாய் திறக்கும்.